படம் வரைந்து பாகங்களைக் குறி

1

ஐம்பது வயது ஆனால் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. அறுபதுக்குத்தான் மாலை, மண்டபம், பந்தி எல்லாம். ஸ்டுட்கார்ட்டில் அப்படி இல்லை. ஐம்பது முடிந்ததும் அரசாங்கமே ஞாபகம் வைத்துக்கொண்டு கடிதம் போடுகிறது. வாழ்த்து என்று நினைத்துப் பிரித்தேன். உங்கள் மார்பகங்களைப் படம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், இன்ன தேதி, இத்தனை மணி, இன்ன தெரு, இரண்டாம் மாடி, வலது கதவு, வர முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது. இந்த ஊரில் பூனைக்கு நகம் வெட்டக்கூட நாள் குறித்துத்தான் போக வேண்டும். மார்பகத்துக்கு மட்டும் விதிவிலக்கா கொடுப்பார்கள்?

என் கணவர் ஜெயக்குமார் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, மேசைமேல் குப்புற வைத்து, அதன்மேல் மின்கட்டண ரசீதை வைத்து, ரசீதின்மேல் வாழைப்பழத்தை வைத்தார். அவர் குரோம்பேட்டைக்காரர். எங்கள் பதினாறு வயது மகள் ஹன்னா பழத்தை எடுத்தாள், ரசீதை எடுத்தாள், கடிதத்தைப் படித்தாள். பிறகு மாடிப்படியிலிருந்து கத்தினாள்.

"அம்மா, உனக்கு ப்ருஸ்ட் டெர்மின் வந்திருக்கு! மறந்துடாத!"

டெர்மின் என்றால் அப்பாயின்ட்மென்ட். ப்ருஸ்ட் என்றால் என்ன என்பதுதான் இந்தக் கதை.

ஜெர்மன் மொழியில் நெஞ்சுக்கும் ப்ருஸ்ட், முலைக்கும் ப்ருஸ்ட். ஒரே சொல், ஆணுக்கும் பெண்ணுக்கும் கோழிக்கும் பொது. கறிக்கடையில் வரிசையில் நிற்கும் பெரியவர் "ஐநூறு கிராம் ப்ருஸ்ட்" என்று உரக்கக் கேட்பார். நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகள் முதலில் கற்பதே ப்ருஸ்ட் நீச்சல். நான் வந்த புதிதில் நெஞ்சுச் சளியோடு டாக்டரிடம் போனேன். எங்கே கஷ்டம் என்று கேட்டார். அகராதியில் பார்த்து வைத்திருந்த அந்தச் சொல் வாயில் வரவேயில்லை. தொண்டையைக் காட்டினேன். தொண்டைக்கு மருந்து கொடுத்தார். ஒரு மாதம் இருமினாலும் மானம் போகாமல் இருமினேன்.

2

என் வெட்கத்தைக் கேலி செய்யும் முன் நான் யார் பெண் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் கிரேஸ் டீச்சர் பெண். அம்மா தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் அறிவியல் எடுத்தவர். அஸ்தினாபுரத்திலிருந்து காட்டன் சேலை மடிப்புக் கலையாமல் பஸ் ஏறி, மடிப்புக் கலையாமல் இறங்குவார். நான் அதே பள்ளியில், அதே தமிழ் மீடியத்தில், அவரிடமே படித்தேன். அதனால்தான் வீட்டிலும் அவரை "நீங்க" என்பேன். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை.

அம்மா கரும்பலகையில் படம் போட்டால் அடுத்த வகுப்பு டீச்சர்கூட அழிக்க மனசு வராமல் மூலையில் எழுதிக்கொள்வார். செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு, தவளையின் ஜீரண மண்டலம், மனித இதயம், எல்லாம் கலர் சாக்கில். கேள்வித்தாளில் 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று வந்தால் எங்கள் பள்ளிப் பெண்கள் மார்க் விட்டதே இல்லை. கோடுகள் எல்லாம் வலது பக்கமே போக வேண்டும், ஸ்கேல் வைத்துப் போட வேண்டும், ஒன்றையொன்று வெட்டக்கூடாது, படத்துக்குக் கீழே தலைப்பு, தலைப்புக்கு அடிக்கோடு. இன்று நான் இங்கே சலவை இயந்திரத்துக்கும் காபி இயந்திரத்துக்கும் கையேட்டுப் படம் வரைந்து பிழைக்கிறேன். இந்த வடிகட்டி, இந்த மூடி, இந்தக் குழாய் என்று பாகம் குறிப்பதற்குத்தான் சம்பளம். எனவே நான் படித்தது வீணாகவில்லை.

இதயம் வரைந்தார், சரி. இதயத்தை மூடி வெளியே என்ன இருக்கிறது என்பதை அம்மா வரைந்ததில்லை. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இது ஈஸி சாப்டர். வீட்டுல படிச்சுக்குங்க" என்றார். தவளையின் கல்லீரலையே மூன்று நாள் நடத்தியவர்.

ஏழாம் வகுப்பில் நடந்தது அதைவிட விசேஷம். அவரை விதை பரிசோதனையை நான் 'விதை முலைத்தல்' என்று எழுதிவிட்டேன். 'ள' போட வேண்டிய இடத்தில் 'ல'. அம்மா சிவப்புப் பேனாவில் சுழித்த சுழியில் தாள் கிழிந்துவிட்டது. "முளைத்தல்னு நூறு தடவை எழுதிட்டு வா" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஷகிலாதான் காதில் சொன்னாள். அன்றைக்கு முழு வகுப்பும் அவரை விதையைப் பார்த்துச் சிரித்தது.

வீட்டில் அந்த உறுப்புக்குப் பெயரே கிடையாது. 'மேல்' என்பார்கள், 'அந்தப் பக்கம்' என்பார்கள், ரொம்பத் தேவைப்பட்டால் 'நெஞ்சு'. மாடிக் கொடியில் உள்ளாடை தனியாகக் காய்ந்ததில்லை. மேலே ஒரு துண்டு போர்த்தித்தான் காயும். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருடைய உள்ளாடைகளும் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருந்தன. ஒவ்வொரு வருஷமும் பள்ளியிலிருந்து மாமல்லபுரம் எக்ஸ்கர்ஷன் போவோம். கல்லில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் மேலே ஒன்றும் போடாமல், யாரைப் பற்றியும் கவலைப்படாமல் நின்றுகொண்டிருந்தார்கள். "சிற்பக்கலையின் உச்சம்" என்று தமிழ் டீச்சர் விளக்குவார். அம்மா வரிசையின் கடைசியிலிருந்து "காலைப் பாத்து நடங்க, கல்லு தடுக்கும்" என்பார். எனக்கு அந்தச் சிற்பங்களின் கால்கள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன.

3

போன வருஷக் கடைசியில், எங்கள் நகரத்தின் பெண்கள் ஆலோசனை மையம் ஒன்று தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் வேண்டுமென்று கேட்டது. மார்பகத்தைத் தானே பரிசோதித்துக்கொள்வது எப்படி என்று. படமும் எழுத்தும் நான் தருவது, எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் சரிபார்ப்பது என்று ஏற்பாடு.

யாரைப் பார்த்து வரைவது? ஹன்னாவின் பள்ளியில் ஓவிய வகுப்பில் ஆளை உட்காரவைத்தே வரைகிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் நடைவழி முழுக்கக் கரிக்கோட்டில் அம்மண உருவங்கள், கீழே பிள்ளைகளின் பெயர். நான் தீயணைப்புக் கருவியைப் படித்துக்கொண்டே நடந்து போவேன். எனக்கு ஆளை உட்காரவைக்கும் வசதி இல்லை. இருபது வயதுப் பெண் உடலாக வரைந்தால் விளம்பரம் போல வந்தது. கடைசியில், யோசிக்காமல் கை போன போக்கில் விட்டபோது, எழுபது தாண்டிய ஒரு பெண் வந்தாள். சற்றே முன்னால் விழுந்த தோள்கள், இடது கையில் இரண்டு வட்டத் தடுப்பூசித் தழும்பு, காறை எலும்புக்குக் கீழே ஒரு மச்சம், தொங்கிய முலைகள். நான் அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை. குளித்துவிட்டு வரும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். தழும்பும் மச்சமும் தெரியும், மீதியெல்லாம் என் ஊகம். ஆனால் பார்த்தவுடன் தெரிந்தது, இது அம்மாதான். நல்ல படம். என் வாழ்க்கையில் காபி இயந்திரம் இல்லாமல் நான் வரைந்த முதல் நல்ல படம்.

சங்கத்தின் மொழிக்குழு கூடியது. செயலாளர் ரமணன் சார், மகளிர் அணி கோமதி அக்கா, நான். 'முலை' என்ற சொல்லுக்கு எதிரே ரமணன் சார் பென்சிலால் ஒரு சிறு குறி போட்டார்.

"இந்த வார்த்தை வேணாமே மேடம். ஃபேமிலியா படிப்பாங்க."

"ஃபேமிலிக்குத்தான சார் இது?"

"இலக்கியத்துல ஓகே. அங்க அழகா இருக்கும். நோட்டீஸ்ல போட்டா ஒரு மாதிரி."

"சரி சார், மார்பகம்னு போடலாம்." மார்பகம் என்பது தமிழ் எழுதும்போது நான் போட்டுக்கொள்ளும் துப்பட்டா. தயாராக வைத்திருந்தேன்.

அவர் அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "மார்பகம்னாலே கேன்சர் ஞாபகம் வருது."

"கேன்சர் நோட்டீஸ் சார் இது."

கோமதி அக்கா சமாதானத்துக்கு வந்தார். "விடு ஷீபா. நெஞ்சுப் பகுதின்னு போட்டுக்கலாம். எல்லாருக்கும் புரியும். படத்துலயும் ஒரு சேலையப் போத்திவிடேன். முகம் வேற வேணாம், யாரோ தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு."

"சேலைக்கு மேல எப்படிக்கா கட்டியத் தடவிப் பாக்கறது?"

"அது அவங்களுக்குத் தெரியாதா? பொம்பளைங்களுக்குச் சொல்லியா தரணும்?"

நாங்கள் பேசிக்கொண்டிருந்த அறையின் சுவரில் சங்கத்தின் நாட்டிய விழாச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் ஒரு கோயில் சிற்பம், இடுப்புக்கு மேல் நகைகள் மட்டும். அவளுக்குச் சேலை போர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கடைசியில் என் படத்தை எடுத்துவிட்டு, ஒரு தாமரை மொட்டைப் போட்டு, மேலே 'நெஞ்சுப் பகுதி நலம்' என்று தலைப்பிட்டு ஏகமனதாக நிறைவேற்றினார்கள். இருதய நோய்க்கான நோட்டீஸ் என்று எண்ணி வாங்கிப் போனவர்கள் உண்டு. ஒருவர் தோட்டக்கலை என்று நினைத்தாராம்.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சர்ச்சிலிருந்து வந்ததும் வீடியோவில் பேசுவோம். பேசுவோம் என்றால், அம்மாவின் நெற்றியோடு பேசுவோம். போனை அதற்குக் கீழே இறக்கத் தெரியாது. என் அண்ணன் டேனியும் அண்ணியும் பள்ளிக்கரணையிலிருந்து ஒரு ஞாயிறு அம்மாவைப் பார்க்க அஸ்தினாபுரம் வந்திருந்தார்கள்.

பிறந்தநாள் கடிதம் வந்த வாரம்தான் அது. அம்மா நடுவில் சாதாரணமாகச் சொன்னார்.

"நெஞ்சுல ஒரு கல்லு மாதிரி இருக்குடா டேனி."

அண்ணன் உடனே உருகிவிட்டான். "எதுக்கும்மா கவலைப்படற? அப்பா போனப்புறம் தனியா இருக்கறதால அப்படித் தோணும். எங்ககூட பள்ளிக்கரணைக்கு வந்துடு."

அடுத்த நாளே பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்து மனபாரம் நீங்கும்படி நீண்ட ஜெபம் செய்துவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். பாரம் நீங்கவில்லை. அடுத்ததாக அண்ணன் அறிவியலுக்கு வந்தான். குரோம்பேட்டையில் ஒரு இருதய டாக்டரிடம் கூட்டிப்போனான். இசிஜி எடுத்த நர்ஸ் மரியாதைக்காரப் பெண். டீச்சரம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்ததால், அதை விலக்கச் சொல்லாமல், கையை மட்டும் உள்ளே விட்டு ஒயர்களை ஒட்டிவிட்டாள். இதயம் பிரமாதமாக இருந்தது. "இந்த வயசுல இப்படி ஒரு ஹார்ட்ட நான் பாத்ததில்ல" என்றார் டாக்டர். கேஸ் மாத்திரை கொடுத்தார்.

"ஹார்ட் சூப்பர்! வெறும் கேஸ்!" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் அண்ணன் போட்டான். பதினோரு பேர் கைகூப்பினோம்.

ஹன்னா என் தோளுக்குப் பின்னால் நின்று தயிர் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் காதால் மட்டும். எழுத்து தெரியாது என்பதால் படித்துச் சொல்லச் சொன்னாள்.

"பாட்டிக்கு ப்ருஸ்ட்லதான கல்லு? ஏன் ஹார்ட் பாத்தாங்க?"

"ப்ருஸ்ட் இல்லடி. தமிழ்ல நெஞ்சுல கல்லுன்னா மனசு கஷ்டம்னு அர்த்தம். உனக்குப் புரியாது."

"நீதான நெஞ்சுன்னா ப்ருஸ்ட்னு சொல்லிக் குடுத்த?"

குடுத்தேன்தான். ஆறு வயதில் கேட்டாள், தமிழில் இதற்கு என்ன பேர் என்று. வேறு எதைச் சொல்வது?

"பாட்டி மனசு சொல்லல, அம்மா. நெஞ்சு சொன்னாங்க. கல்லு சொன்னாங்க" என்றாள் ஹன்னா. பிறகு கிண்ணத்தைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனாள். தமிழின் ஆழம் தெரியாத பிள்ளை என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

குறித்த நாளில், குறித்த தெருவில், இரண்டாம் மாடியில், வலது கதவைத் திறந்துகொண்டு போனேன். சலவை இயந்திரம் போலவே நேர்த்தியான ஒரு இயந்திரம். கையேடு யார் வரைந்தார்களோ என்று யோசித்தேன். அங்கிருந்த பெண்மணி என் இடது முலையை எடுத்து, சப்பாத்தி மாவைப் பலகையில் வைப்பது போல வைத்து, மேல்தட்டை இறக்கினாள். மூச்சை அடக்கச் சொன்னாள். அடுத்த பக்கத்துக்குத் திருப்பும்போது, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ப்ருஸ்டில் ஏதாவது உண்டா? உங்கள் அம்மாவுக்கு?" என்று கேட்டாள்.

ஜெர்மன் எனக்கு இன்றும் தமிழில் மொழிபெயர்த்துத்தான் புரியும். அம்மாவுக்கு நெஞ்சில் ஏதாவது உண்டா, என்று மனசுக்குள் ஓடியது. உண்டே, கல்லு உண்டே என்று பதிலும் ஓடியது. பிறகுதான் உறைத்தது. அந்த இயந்திரத்தில் மாட்டிக்கொண்டு, ஓடவும் முடியாமல் நின்றேன். வலிக்கிறதா என்று அந்தப் பெண்மணி கேட்டாள்.

5

வீட்டுக்கு வந்ததும் அண்ணனை அழைத்தேன்.

"டேனி அண்ணா, அம்மா சொன்னது ஹார்ட் இல்லையோன்னு பயமா இருக்கு. மேல... கட்டி ஏதாவது இருக்கான்னு கேளேன்."

"ஷீபா, அதெல்லாம் நான் எப்படி அம்மாகிட்ட கேக்கறது? இரு, அவகிட்ட தரேன்."

அண்ணி வந்தாள். "அத்தைகிட்ட நான் போய் எப்படிக் கேப்பேன்? தப்பா எடுத்துக்குவாங்க. நீ பொண்ணு, நீ கேளு."

சரி, பொண்ணு கேட்டாள்.

"அம்மா, அந்தக் கல்லு... எங்க இருக்கு?"

"அதான் கேஸுன்னு சொல்லிட்டாங்களே."

"இல்லம்மா, உள்ளயா... வெளியயா? அந்தப் பக்கம்... மேல..."

நெற்றி சுருங்கியது. "உனக்கு வேற வேலையே இல்லையா? ஹன்னா சாப்பிட்டாளா?"

ஐம்பது வயது. இரண்டு மொழி. ஒரு சொல் வரவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மாவோ, ஒரு பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அதே பாடத்தோடு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

பேச முடியாதவர்கள் என்ன செய்வது? சங்கம் நிராகரித்த படத்தை வாட்ஸாப்பில் அம்மாவுக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: 'இங்க ஒரு நோட்டீஸுக்கு வரைஞ்சது. சயின்ஸ் படி சரியா இருக்கான்னு பாத்துத் திருத்தித் தாங்க.' டீச்சர்களுக்கு வைக்கும் பொறிக்கு வேறு தீனி தேவையில்லை.

நீல டிக் உடனே வந்தது. அதன்பின் ஒரு குரல் பதிவு. "சீ! என்ன கண்றாவி இது? மொதல்ல டெலீட் பண்ணு. டேனி என் போன எடுத்துப் பாப்பான்." அப்புறம் சத்தமே இல்லை. ஞாயிறு வந்தது, அம்மா போனை எடுக்கவில்லை. நான் பயந்து போனேன். கோபித்துக்கொண்டார், இனி கேட்கவே முடியாது, எல்லாம் கெட்டது என்று அழுதேன். ஜெயக்குமார் கடிதத்தின்மேல் மறுபடி வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்துவிட்டு, ரசீதை எடுத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அது அவருக்குப் பெரிய காரியம்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு மிக்ஸியின் மூடியை வரைந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அம்மாவிடமிருந்து ஒரு புகைப்படம்.

ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுக்க முடியாத படம் என்பதால், அம்மா என் படத்தைப் பார்த்து ஒரு ரெக்கார்டு நோட்டுத் தாளில் பென்சிலால் தானே வரைந்திருந்தார். கரும்பலகையில் இதயம் வரைந்த அதே கை. என் கோட்டைவிட உறுதியான கோடு. பாகம் குறித்த கோடுகள் எல்லாம் வலது பக்கம் போயிருந்தன, ஸ்கேல் வைத்து, ஒன்றையொன்று வெட்டாமல். சிவப்புப் பேனாவில் எழுத்து.

'தடுப்பூசித் தழும்பு: சரி.' பக்கத்தில் ஒரு டிக்.

'மச்சம்: இடம் சற்று மாறியுள்ளது.'

'வலது: சரி.'

'இடது: தவறு.'

இடது பக்கம் அவர் படத்தில் வேறு மாதிரி இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, மேல்தோலில் ஒரு பள்ளம். அதிலிருந்து மூன்று கோடுகள்.

'காம்பு: உள்வாங்கியுள்ளது.'

'தோல்: ஆரஞ்சுப் பழத் தோல் போன்றது.'

'கட்டி: நெல்லிக்காய் அளவு. நகரவில்லை. வலி இல்லை.'

கீழே தலைப்புக்கான இடம். அடிக்கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. மூலையில் வட்டத்துக்குள் '6/10'. அதற்குக் கீழே: 'உற்று நோக்கி வரையவும்.'

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தவளையை நோக்கியது போலத் தன்னையே நோக்கி வைத்திருந்தார். சொல்வதற்குச் சொல்தான் இல்லாமல், நெஞ்சு என்றும் கல் என்றும் எங்களிடம் சொல்லிப் பார்த்து, நாங்கள் ஜெபித்து, இசிஜி எடுத்து, கைகூப்பினோம்.

அன்றிரவே டிக்கெட் போட்டேன்.

6

தாம்பரத்தில் பெண் சர்ஜன் ஒருவரைப் பிடித்தோம். அண்ணன் வராண்டாவிலேயே நின்று செய்தித்தாளின் வரி விளம்பரங்களை ஆழ்ந்து படித்தான். உள்ளே டாக்டர், "சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?" என்றார். அம்மா கைப்பையிலிருந்து, பைபிள் உறைக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "யாரும்மா இவ்ளோ தெளிவா வரைஞ்சது?"

"இவ வரைஞ்சா. தப்பா இருந்திச்சி. நான் திருத்தினேன்" என்றார் அம்மா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொள்ளவில்லை.

பிறகு ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்த பரிசோதனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கன், ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு ஜன்னல். எந்த ஜன்னலிலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "லேடீஸ் பிராப்ளமா மேடம்? மூணாவது கவுன்டர்" என்றார்கள். ஆரம்பத்திலும் இல்லை, முற்றியும் போகவில்லை, எடுத்துவிட்டால் நல்லது என்றார் டாக்டர். எடுத்தார்கள். பார்க்க வந்த சர்ச் பெண்கள், "நெஞ்சுல ஆபரேஷனாமே? பைபாஸா டீச்சர்?" என்று ஆரஞ்சுப் பழத்தோடு விசாரித்தார்கள். "ஆமா" என்றார் அம்மா. எனக்குக் கோபம் வந்தது. இத்தனைக்கும் பிறகுமா?

தையல் பிரித்த வாரம், நான் கிளம்புவதற்கு முன், ஒரு மத்தியானம். அஸ்தினாபுரம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஹன்னா வீடியோவில் வந்து பேசிவிட்டுப் போயிருந்தாள். "பாட்டி, இப்ப ப்ருஸ்ட்ல கல்லு இல்லையே?" என்று கேட்டாள். அம்மா அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "ப்ருஸ்ட்டாம், ப்ருஸ்ட். தும்மற மாதிரி இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த நோட்டீஸ் என்னாச்சு?"

"தாமரை மொட்டு போட்டு அடிச்சிட்டாங்கம்மா."

"தாமரையா? மக்குங்க." சேலை மடிப்பைச் சரிசெய்தார். "வேற யாராவது அடிப்பாங்களா?"

"அந்த மையத்துக்கே நேரா குடுக்கலாம். உங்க படத்த அனுப்பினா போட்டுடுவாங்க."

"அது பழைய படம். இப்ப அப்படி இல்லையே." அம்மா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பீரோவிலிருந்து ரெக்கார்டு நோட்டையும், சீவிய பென்சிலையும், ஸ்கேலையும் எடுத்து என் மடியில் போட்டார். "நீ ஏன் ஆறு வாங்கின தெரியுமா? பாக்காம வரைஞ்ச. அதுக்குத்தான் நாலு மார்க் கொறைச்சேன்."

எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முந்தானையின் ஊக்கை எடுத்தார். சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் மடித்து வைத்தார். தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலைப் பாக்காத. மேல பாத்து வரை."

பார்த்தேன். வலது பக்கம் அப்படியே இருந்தது, இடது பக்கம் ஒரு நீண்ட தையல் கோடு அக்குள்வரை போயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைந்தேன். வெளியே மீன்காரர் கூவிக்கொண்டே போனார். அம்மா ஆடவில்லை, அசையவில்லை. முடிந்ததும் சட்டைகூடப் போடாமல் எட்டிப் பார்த்தார். தழும்பைத் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். ஒரு இடத்தில் ரப்பர் வைத்து அழித்துத் தானே சரிசெய்தார். கோடுகள் போட்டோம், எல்லாம் வலது பக்கம், ஒன்றையொன்று வெட்டாமல். கீழே தலைப்புக்கு அடிக்கோடு போட்டுவிட்டு நான் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மார்பகமா, நெஞ்சா, வேறு ஏதாவதா?

"என்ன முழிக்கற? தலைப்பு எழுது."

"என்னம்மா எழுத?"

அம்மா என் கையையும் தாளையும் பார்த்தார்.

"ஏழாங்கிளாஸ்லயே எழுதினியே, அதான். சின்ன 'ல'. தைரியமாப் போடு."